முக்கால் இஞ்சு ஓட்டை

எனக்குப் பயம் சளி மாதிரி. பிடித்தால் லேசில் விடாது. ஆஸ்பத்திரி வாடைக்குப் பயம், பஸ் பின்னால் நகர்ந்தால் பயம், தந்தி வந்தால் சொல்லவே வேண்டாம். பயம் கூடக்கூட எனக்கு வாயும் கூடும். உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே சண்டை போடுவேன். அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிட்டார்கள். அந்தத் தப்புக் கணக்கில்தான் அந்த வேலைக்கு என்னை அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தொழில் வகுப்பு டீச்சர். மெழுகுவர்த்தி ஊற்றுவது, காகிதப் பை ஒட்டுவது, சாக்பீஸ் செய்வது என்று ஏதேதோ சொல்லிக்கொடுப்போம். பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வரும்படி ஒருமுறை எங்கள் பெரிய டீச்சர் எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், யாரும் எதுவும் செய்யவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மெழுகுவர்த்திகூட எந்த வீட்டிலும் இல்லை.

பெரிய டீச்சர் அதற்குப் பிறகு சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போய், புது முறை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிள்ளையை நிஜமான வேலைக்குக் கூட்டிப்போக வேண்டும். டீச்சரும் கூடப் போய் அதே வேலையைத் தானும் செய்து பழக்க வேண்டும். பழகப் பழக டீச்சர் விலகிக்கொள்ள வேண்டும். முதலில் பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு வாசலில், பிறகு எதிர்த்த கடையில். கடைசியில் வரவே கூடாது. "பைய விலகணும். அதுதான் இதுல வேலையே" என்றார்கள். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நான் முதலில் கூட்டிப்போனவனுக்கு இருபது வயது இருக்கும். ஆள் வாட்டசாட்டம், அரும்பு மீசை, பேச்சு மட்டும் சின்னப் பிள்ளைப் பேச்சு. எந்த வேலை கொடுத்தாலும் நன்றாகச் செய்வான், ஆனால் பாதியில் எழுந்து போய்விடுவான். வேலைக்கு அனுப்பும் முன் அவனை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, அதை மாற்ற எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. "முடிச்சாச்சா? முடிச்சுட்டு வா" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. அது ஒருவழியாக அவனுக்குள் போய் உட்கார்ந்த பிறகு, எடுத்ததை முடிக்காமல் அசையமாட்டான். டிபன் டப்பாவும் அப்படித்தான். சாப்பிட்டதும் கழுவிக் கவிழ்த்து, ஈரம் காய்ந்த பிறகுதான் கூடைக்குள் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மழைநாளில் டப்பா காயாமல் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வராந்தாவில் காத்துக் கிடந்ததும் உண்டு.

அவன் அப்பா கொக்கிரகுளத்தில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை, அளந்த பேச்சு. அம்மாவும் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் முடிந்து அவன் வீட்டோடு இருந்த நாளில், இருவரும் காலையில் அவனை உள்ளறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார்கள். கெட்ட மனசு கிடையாது. ஒருமுறை தெருவில் இறங்கிப் போய் லாரிக்கடியில் சிக்கப் பார்த்தானாம். அந்த அறையை நான் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் அவன் கை பிடிக்கிற உயரத்தில் பச்சைப் பெயிண்ட் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது.

அப்பா சம்மதிக்கும்போது சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அன்னைக்கோட சரி. அப்புறம் நீங்களும் வரக்கூடாது, உங்க பெரிய டீச்சரும் வரக்கூடாது. நான் தாழ்ப்பாளைப் போட்டுட்டு நிம்மதியா ஆபீஸ் போவேன்."

"ஒண்ணும் ஆகாது சார்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆற்றுக்கு அக்கரையில், ஜங்ஷனில் பம்ப்செட் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் இடம் கிடைத்தது. பிரித்த பம்புகளின் நட்டு, போல்ட்டு, வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அளவு பார்த்து டப்பாக்களில் பிரித்துப் போடுவது அவன் வேலை. நானும் செய்தேன். வீட்டில் சோறு பரிமாறினால் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி அண்ணாச்சி வயதானவர், கல்லாவை விட்டு எழுந்திருக்கமாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். பேச்சையெல்லாம் மெக்கானிக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நாற்பது வயது, பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். முதல் நாளே என்னிடம், "டீச்சர், இந்தப் பையனை வச்சுகிட்டு நான் என்ன செய்யட்டும்? கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்கவா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "மத்தவங்களை எப்படி நடத்துவீங்களோ அப்படியே இவனையும் நடத்துங்க. செல்லம் வேண்டாம், இரக்கமும் வேண்டாம். தப்பு செஞ்சா ஏசுங்க. வித்தியாசம் மட்டும் காட்டாதீங்க" என்றேன். அன்றோடு விடவில்லை. வித்தியாசம் காட்டாதீங்க என்று தினமும் ஜெபம் மாதிரி சொன்னேன். கடைசியில் அவரே, "போதும் டீச்சர், காது வலிக்கி. அவனும் நம்ம ஆளுதான், சரியா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் விலக ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்து வாசலுக்கு வந்தேன். வாசலிலிருந்து எதிர்ப்பக்கத்து லேடீஸ் டெய்லர் கடைக்குப் போனேன். சும்மா உட்கார வெட்கப்பட்டு, தேவையே இல்லாமல் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அங்கிருந்து அவன் முதுகு தெரியும். அந்த முதுகு கொஞ்சம் அசைந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கடைக்கும் போகாத நாள் வந்தது. முந்தின சாயங்காலம் அவனிடம், "நாளைக்கு டீச்சர் வரமாட்டேன். நீயே பஸ்ல வரணும், நீயே போகணும்" என்றேன். "டீச்சர் வரமாட்டீங்க" என்று தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் கலவரம் இல்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தசரா சமயம் வேறு. குலசேகரன்பட்டினம் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டி, மேளத்தோடு தெருத்தெருவாகக் காணிக்கை வாங்க வருவார்கள். அவனுக்குக் காளி வேஷம் என்றால் உயிர் போகிற பயம். போன வருஷம் பள்ளிக்கூட வாசலில் மேளம் கேட்டதற்கே பெஞ்சுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். இதை நினைத்து நினைத்து, மறுநாள் மத்தியானம் என்னால் முடியவில்லை. ஜங்ஷனில் நூல் வாங்க வேண்டும் என்று பெரிய டீச்சரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பட்டறையில் அவன் முக்காலி காலியாக இருந்தது, கூடையையும் காணோம். மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டுகள் பாதி கழுவியும் கழுவாமலும் கிடந்தன. பாதியில் நின்ற அந்த வேலையைப் பார்த்ததும் எனக்குக் கை கால் விறைத்துவிட்டது.

"எங்க அவன்?" என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். "வந்துருவான் டீச்சர். ஓட்டை வாங்கப் போயிருக்கான்."

"என்னது?"

அது அந்தத் தெருவில் ஒரு வழக்கமாம். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனிடம், முக்கால் இஞ்சு ஓட்டை ரெண்டு வாங்கிட்டு வா என்று அனுப்புவார்கள். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்பத்தான் தீந்துச்சு, மோட்டார் காயில் கட்டுற கடையில கேளு" என்பார். அங்கே, "எங்ககிட்ட அரை இஞ்சுதான் இருக்கு, பழைய இரும்புக் கடையில கேளு" என்பார்கள். இரும்புக் கடைப் பெரியவர், "ஓட்டை உன் மண்டையிலதாம்லே இருக்கு" என்று முதுகில் ஒன்று போட்டுத் திருப்பி அனுப்புவார். போனவன் அசடு வழியத் திரும்பி வந்ததும் தெருவே சிரிக்கும். அவனுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுப்பார்கள். அன்றையிலிருந்து அவன் பட்டறை ஆள். முதலாளியும் அந்தக் காலத்தில் ஓட்டை வாங்கப் போனவர்தான்.

"நீங்கதான சொன்னீங்க டீச்சர், வித்தியாசம் காட்டாதீங்கன்னு. எல்லாரும் போனதுதான். நானும் போனேன். இவனை மட்டும் அனுப்பாம இருந்தா அது நல்லாவா இருக்கும்?" என்றார் மெக்கானிக். கள்ளமே இல்லாத முகம். மேஜைமேல் அவனுக்காக வாங்கி வைத்த புரோட்டாப் பொட்டலம் ஆறிக் கிடந்தது.

நான் கத்தினேன். "எப்ப போனான்?"

"காலை டீ வந்தப்ப..." அவர் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. "ஒரு அவசர வேலை வந்துச்சு டீச்சர். நானும் கவனிக்கல. இவ்வளவு நேரமா ஆவுது?"

"அய்யோ, அவன் வாங்காம திரும்பமாட்டான்யா! முடிக்காம வரவே மாட்டான்! உலகத்துலயே இல்லாத சாமானுக்கு அவன் எந்தக் கடைக்குப் போவான்? எந்த ஊருக்குப் போவான்?"

முதலாளி டெலிபோனைப் பக்கத்தில் இழுத்தார். "அவங்க அப்பாவுக்குச் சொல்லிருவோம்."

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. நான் ஒரு சுத்து பார்த்துட்டு வந்துருதேன். அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், இனி வாழ்நாள் பூரா அந்த அறைக்குள்ளதான் இருப்பான்."

அவர் என்னைப் பார்த்தார். "போய்ப் பாரும்மா. ஆனா பிள்ளை விஷயம். ரொம்ப நேரம் மறைக்கப்பிடாது."

நானும் மெக்கானிக்கும் ஓடினோம். ஹார்டுவேர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே கண்ணைச் சிமிட்டி, "வந்துச்சு, வந்துச்சு. தீந்து போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். காயில் கடையிலும் அதே சிரிப்பு. "நல்ல பிள்ளை டீச்சர். அரை இஞ்சு வேண்டாம், முக்கால்தான் வேணும்னு ஒரே பிடியா நின்னான்." அவர்கள் பல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏசுவதற்குக்கூட நேரம் இல்லை.

பழைய இரும்புக் கடையில் பெரியவரைக் காணோம். வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மாமனார் மாலை போட்டுக் குலசேகரன்பட்டினம் போயிருக்கிறார், நான் மருமகன், வெளியூர், இரண்டு நாளாகத்தான் கடையில் இருக்கிறேன் என்றார். அந்தத் தெருவின் விளையாட்டு அவருக்குத் தெரியாது. "ஆமா, ஒரு பையன் வந்தான். ஓட்டை வேணும்னான். இங்கன வெறும் பழைய இரும்புதாம்ப்பா, ஓட்டை போடணும்னா லேத்துப் பட்டறைக்குப் போகணும்னேன். எனக்குத் தெரிஞ்சது வண்ணார்பேட்டையில ஒரு லேத்து. ஆத்துப் பாலம் தாண்டிப் போய்க் கேளுன்னேன். ஏன், என்ன ஆச்சு?"

திருப்பி அனுப்ப வேண்டிய ஆள் இல்லை. அவன் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் ஒரு பாவி. நான் ஒரு பாவி டீச்சர்" என்றார். "பாவத்தை அப்புறம் பாக்கலாம், நடங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பாலத்தில் அன்றைக்கென்று அவ்வளவு லாரிகள். ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். மேலே மலையில் மழை போல, ஆறு செம்மண் நிறத்தில் கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக எட்டிப் பார்க்கப் பயம், பார்க்காமல் போகவும் பயம். "ஏசப்பா, ஏசப்பா" என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பாலம் முடிகிற இடத்தில், கொக்கிரகுளம் பக்கம், யாரோ மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

வேஷம் கட்டின ஒரு தசரா செட்டு மர நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. காளி வேஷம் போட்டவரிடம் ஓடினேன். அவர் தகர நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார். "காக்கிச் சட்டை, வயர் கூடை... பார்த்தேம்மா. காலையில நாங்க இங்கன வந்து சேரும்போது எதுக்க வந்துச்சு. என்னைக் கண்டதும் அலறிக்கிட்டு அந்தப் படியில இறங்கி ஓடுச்சு. நான் பின்னால போனா இன்னும் பயப்படும்னு போகல."

அவர் கை காட்டியது ஆற்றுக்கு இறங்குகிற படித்துறை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படியில் ஆள் இல்லை. தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீரைத் தொடுகிற படிக்குக் கொஞ்சம் மேலே அவனுடைய வயர் கூடை இருந்தது. பக்கத்தில் டிபன் டப்பா, கழுவி, கவிழ்த்து, மூடியை அதன்மேல் சாய்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. அவன் இல்லை.

"பையனுக்கு நீச்சல் தெரியுமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"தெரியாது."

அவர் சட்டையோடு குதித்துவிட்டார். முங்குவார், எழும்புவார், மூச்சு வாங்குவார், மறுபடி முங்குவார். கலங்கல் தண்ணீரில் அவர் தலை மறைகிற ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழும்பும்போது கையில் என்ன இருக்குமோ என்று பயம்.

டப்பாவைத் தொட்டேன். மேலே வெயிலில் சுட்டது. விளிம்பை லேசாகத் தூக்கி விரலை விட்டால் உள்ளே ஈரம். அப்படியானால் கழுவி ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கே போனாலும் காய்ந்த டப்பாவை எடுத்துக் கூடைக்குள் வைக்க அவன் வந்தாக வேண்டும். தண்ணீருக்குள் போயிருந்தால் வரமாட்டான். இரண்டில் ஒன்றுதான். ஓடிப்போய் வண்ணார்பேட்டை முழுக்கக் கத்தலாம் என்று கால் துடித்தது. நான் அந்தப் பக்கம் போகும்போது அவன் இந்தப் பக்கம் வந்தால்? டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு, மேல்படியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அவன் அப்பா. முதலாளி போன் செய்துவிட்டார். ஆபீஸ் அங்கேதானே, மேட்டின் மேல்; பாலத்துக்கு ஓடிவந்தவருக்குத் தசராக்காரர்கள் படித்துறையைக் காட்டியிருக்கிறார்கள். படி இறங்கி வந்தவர் கூடையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஆற்றில் முங்கி எழும்புகிற மனிதரைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அப்படியே படியில் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டை முழுக்க வேர்வை.

"தாழ்ப்பாள் போட்டு வச்சிருந்தேம்லா டீச்சர்" என்றார் மெதுவாக. "உயிரோட இருந்தாம்லா."

நான் அழுதேன். வேறு என்ன செய்ய? மனசுக்குள் அந்தத் தேய்ந்த ஜன்னல் கம்பிதான் வந்து நின்றது. அவன் அதற்குப் பின்னாலேயே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் நானும் நினைத்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன்.

"டீச்சர், இன்னைக்கு வரமாட்டேன்னு சொன்னீங்க."

குரல் எங்கள் தலைக்கு மேலே கேட்டது. படியின் உச்சியில் நின்றுகொண்டு, சொன்ன சொல்லை நான் மீறிவிட்ட கோபத்தில் என்னை முறைத்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் இரும்புத் தூள். எங்கள் இருவரையும் தாண்டி நேரே கீழே போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். "காஞ்சிருச்சு" என்று கூடைக்குள் வைத்தான்.

கையில் ஒரு இரும்புத் தகடு இருந்தது, உள்ளங்கை அகலம். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

மேளத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் சத்தம் ஓயும்வரை பாலத்துக்கடியில் ஒளிந்திருக்கிறான். பிறகு எழுந்து, அவர்கள் கண்ணில் படாமல் கரையோரமாகவே போய், கேட்டுக் கேட்டு லேத்துக்குப் போயிருக்கிறான். முக்கால் இஞ்சு ஓட்டை ரெண்டு வேண்டும் என்றதும் லேத்துக்காரர் கழிவுத் தகடு ஒன்றை எடுத்து, "கையில வேலை இருக்கு, போய்ச் சாப்பிட்டுட்டு வா, போட்டுத் தாரேன்" என்றிருக்கிறார். சாப்பிட அவனுக்குத் தெரிந்த தண்ணீர் உள்ள இடம் இந்தப் படித்துறை. டப்பா காயட்டும் என்று விட்டுவிட்டு ஓட்டை வாங்கப் போயிருக்கிறான். இதெல்லாம் துண்டு துண்டாக அவன் சொல்லப் பிற்பாடு நாங்கள் சேர்த்துக்கொண்டது.

மெக்கானிக் ஆற்றிலிருந்து தலையைத் தூக்கினார். அவனைப் பார்த்தார். "ஏலே! வந்துட்டியாலே!" என்று கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் பெரிய குரலில் ஓவென்று அழுதார்.

"அண்ணாச்சி, ஓட்டை" என்று அவன் தகட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இங்கன கொண்டாலே, என் ராசா" என்று மெக்கானிக் கையை நீட்டினார்.

"பட்டறைக்குல்லா கொண்டாரச் சொன்னீங்க" என்றான் அவன்.

அதற்குள் அப்பா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும். வீட்டுக்கு நட." குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். "முடிக்கலப்பா" என்றான். "குடுத்துட்டு, முடிச்சுட்டு வாரேன்."

அப்பா அசையவில்லை. அவன் அவருக்கு மறுத்துச் சொன்னது அதுவே முதல் தடவை என்று பிறகு அவர்தான் சொன்னார். அவன் கூடையை மாட்டிக்கொண்டு படியேறினான். பின்னாலேயே அப்பா, அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் சொட்டச் சொட்ட மெக்கானிக்.

பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம். இளைப்பாறின செட்டு எழுந்துவிட்டது போல, பின்னாலிருந்து மேளம் நெருங்கி வந்தது. அவன் நின்றுவிட்டான். முதுகு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் ஆறு. ஓடினால் இரண்டில் ஒன்றில்தான் ஓட வேண்டும். அப்பா பாய்ந்தார். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க சார். செத்த நேரம்."

"விடுங்க டீச்சர்!"

"செத்த நேரம் சார்."

விடாமல் பிடித்திருந்தேன். அவன் பைய நகர்ந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்தான். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். மேளம் அவன் முதுகுக்குப் பின்னால் வந்தது, காதைக் கிழித்தது, தாண்டிப் போனது. காளி வேஷக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தகர நாக்கை மறைத்துக்கொண்டு அந்த ஓரமாகவே போனார். சத்தம் தேய்ந்த பிறகு அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு மற்றதையும் திறந்தான். கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தான்.

பட்டறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் ஈரத்தோடு தகட்டை வாங்கி, அளவு பார்க்கிற காலிப்பரை எடுத்து இரண்டு ஓட்டையையும் அளந்தார். "சரியா இருக்குலே" என்றார். புரோட்டாப் பொட்டலத்தை நீட்டினார். "சாப்பிட்டாச்சு" என்று அவன் முக்காலியில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தகரத்தை இழுத்துக்கொண்டான். கழுவினது ஒருபக்கம், கழுவாதது ஒருபக்கம் ஒதுக்கி, விட்ட இடத்தில் தொடங்கினான்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஒரு நட்டை எடுக்கிறான், தேய்க்கிறான், துணியில் துடைக்கிறான், அளவு பார்த்து டப்பாவில் போடுகிறான், அடுத்ததை எடுக்கிறான். அன்னைக்கோட சரி என்ற சொல் அவர் வாயிலிருந்து எப்போது விழும் என்று நான் நின்றேன். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

அவர் முதலாளியிடம் கேட்டார்: "எத்தனை மணிக்கு விடுவீங்க அண்ணாச்சி?"

"ஆறு மணிக்கு."

அவர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். எதிர்த்த கடையைக் காட்டி, "அங்கன உக்காரலாமா டீச்சர்?" என்றார்.

"அது லேடீஸ் டெய்லர் சார்."

"பரவாயில்ல" என்றார்.

தைத்துத் தொங்கவிட்ட ஜாக்கெட்டுகளுக்குக் கீழே, திருநீறு அழிந்த நெற்றியோடு அவரும் பக்கத்தில் நானும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். டெய்லரம்மா காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் கையில் இருந்ததும் தளும்பியது, என் கையில் இருந்ததும் தளும்பியது.

ஆறு மணிக்கு அவன் கையைக் கழுவி, கூடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ மேளம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை, சடாரென்று எழுந்துவிட்டேன்.

அவன் அப்பா என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இருங்க டீச்சர்" என்றார். "செத்த நேரம். அவன் பஸ் ஏறட்டும்."